வயிற்றுச் சீழ்க்கட்டிக்கு டியூப் போடுவது பற்றி

குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் கட்டினால் திறந்து ஆபரேஷன் செய்வதுதான் சரியான சிகிச்சை, டியூப் வைப்பது அரைகுறை வேலை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். அது சரியல்ல நண்பரே.

சீழ் ஓரிடத்தில் பை போலக் கட்டி நின்று, குடலைத் துளைக்காமல் ஊசி போக வழியும் இருந்தால், ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தோல் வழியாக டியூப் செலுத்தி வடிப்பதைத்தான் முதலில் செய்வார்கள், கூடவே ஆன்டிபயாடிக்கும் ஓடும். பல இடங்களில் சீழ் சிதறிக் கிடந்தாலோ, ஊசிக்கு வழி இல்லாவிட்டாலோ, குடலில் ஓட்டை கசிந்துகொண்டே இருந்தாலோ ஆபரேஷன் தேவைப்படலாம். மிகச் சிறிய கட்டி சில சமயம் மருந்திலேயே கரைந்துவிடும்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2010இல் வெளியிட்ட வயிற்றுத் தொற்று வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முடிந்த இடத்தில் ஆபரேஷனைவிட டியூப் வழி வடிப்பதே மேல் என்று அதில் இருக்கிறது. அப்புறம் உங்கள் சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் கட்டி எத்தனை சென்டிமீட்டர், எந்த இடம் என்று பார்த்துவிட்டு, "இதற்கு ஊசி போக வழி இருக்கிறதா?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். டியூப் வைத்தபின் அதனுடன் இணைத்த பையில் எத்தனை மில்லி வடிந்தது என்று தினமும் சார்ட்டில் குறிப்பார்கள். அந்த அளவு குறைந்து, காய்ச்சலும் இறங்கினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.