நட்புப் போட்டியாம், நட்பு!

மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பில் வருஷாவருஷம் நடக்கும் கேரம் ஆட்டத்தின் நோட்டீஸில் 'நட்புப் போட்டி' என்று போடுகிறார்களே, முதலில் அந்த வரியை எடுங்கள் ஐயா.

ரெட்டை, அதாவது சிவப்புக் காயைக் குழியில் போட்டால், அடுத்த அடியிலேயே ஃபாலோ, அதாவது நம் காய் ஒன்றைப் போட வேண்டும். இதிலுமா தகராறு? ஒருத்தர் அடுத்த சுற்றில் போட்டாலும் செல்லும் என்கிறார், இன்னொருத்தர் ரெட்டுக்கு 5 புள்ளி என்கிறார். சர்வதேச விதியில் 3தான், நம் மொத்தப் புள்ளி 22ஐத் தொட்டுவிட்டால் அந்த மூன்றும் கிடையாது என்று சொன்னால், "தம்பி, நாங்க மாட்டுங்காவுல சின்ன வயசுலேர்ந்து ஆடுறோம்" என்று பதில் வருகிறது. மாட்டுங்காவுக்கென்று தனியாக விதிப் புத்தகம் அச்சடித்திருக்கிறார்களா என்ன?

அப்புறம் அந்த ஸ்ட்ரைக்கர். 15 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அங்கிள் வீட்டிலிருந்து கொண்டுவருவதோ அம்மிக்குழவி! அதால் அடித்துக் காய் போர்டைத் தாண்டிப் பறந்தால் "ஃபோர்ஸ் பாத்தியா" என்று பெருமை வேறு. முழங்கை பாதி போர்டுக்குள் வந்துவிடும், கேட்டால் "இடம் பத்தலை". (மும்பையில் யாருக்குத்தான் இடம் பத்துகிறது?) பவுடரைக் கொட்டுகிற கொட்டில் வாசலில் நிற்கும் வாட்ச்மேன் தும்முகிறார். சுற்றி நிற்பவர்கள் வாயை மூடுகிறார்களா? "கட் அடி", "டபுள் அடி", "அதை விடு, இதை எடு". ஆடுவது நானா, அவர்களா? நடுவரிடம் முறையிடலாம் என்றால் நடுவர் எதிராளியின் மச்சான்.

இத்தனை சண்டையும் எதற்கு? ஒரு எவர்சில்வர் டப்பாவுக்கு! போன வருஷம் கொடுத்ததற்கு மூடிகூடச் சேரவில்லை.