தண்ணீரைப் பற்றி எழுதினீர்கள், குப்பை?

இலங்கையின் தெற்கே உள்ள கதிர்காம முருகன் கோயிலுக்குக் காட்டுவழியே பாதயாத்திரை போவோர் தண்ணீரும் மருந்தும் கொண்டுபோக வேண்டும் என்று உங்கள் கட்டுரையில் விளக்கமாக எழுதியிருக்கிறீர்கள். குப்பைக்கு ஒரே ஒரு வரிதான். மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியிலிருந்து மூன்று தடவை நடந்து போனவன் நான். உகந்தை முருகன் கோயிலடியில் காட்டுக்குள் இறங்கினால் குமுக்கனாறு வரும்வரை பாதையோரம் சோறு சுற்றும் லன்ச் சீட்டும் பிஸ்கட் பேப்பரும்தான். போன முறை நாவலடிக்குக் கிட்ட யானை லத்தி (சாணம்) ஒன்று கிடந்தது. தடியால் கிளறினேன். உள்ளே பொலித்தீன் சொப்பின் பேக், போட்ட முடிச்சுக்கூட அவிழவில்லை! சோற்று வாசம் பட்டால் யானை பொலித்தீனையும் சேர்த்துத்தான் விழுங்கும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் 8 வருடத்தில் 20 யானையளவில் செத்ததாக 2022இல் செய்தி வந்ததே.

இன்னொன்று, விடியமுன் தனியே ஒதுங்கப் போகாதீர்கள். ஆடி மாதம் பாலைப்பழக் காலம், கரடி பழம் பொறுக்க வரும். அரோகரா போட்டுக்கொண்டு கூட்டமாகப் போனால் அநேகமாக அதுவே விலகிவிடும் (எங்கள் பெரியம்மாவின் குரலுக்கு யானையே விலகும்). சமைத்த அடுப்புக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள். வறண்ட கச்சான் காற்றில் ஒரு பொறி போதும். எங்கள் குழுவில் இம்முறை ஆளுக்கொரு உரப்பை. குப்பை முழுதும் கதிர்காமம்வரை தோளில்தான்.