துனிசியாவில் அமைக்கப்படாத நீதிமன்றம்

வட ஆப்பிரிக்க நாடான துனிசியா பற்றிப் பேச்சு வந்தாலே, "முஸ்லிம் நாடுகளுக்கு ஜனநாயகம் ஒத்துவராது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சிதி பூசித் ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது புவாசிசி, அதிகாரிகளிடம் தராசைப் பறிகொடுத்த அன்று, 2010 டிசம்பர் 17இல் தீக்குளித்தார். நான்கே வாரத்தில் சர்வாதிகார அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடினார். அப்புறம் வந்த காலம் லேசானதல்ல. 2013இல் ஷுக்ரி பெலாய்த், முகமது பிராமி என்று இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்களை அவரவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். 2015இல் பயங்கரவாதத் தாக்குதலில் சூஸ் கடற்கரையில் மட்டும் 38 பேர் பலி. சுற்றுலாவை நம்பிப் பிழைத்தவர்கள் வயிற்றில் மண் விழுந்தது. அப்போதும் மக்கள் தேர்தலைக் கைவிடவில்லை. கட்சிகள் முட்டிக்கொண்டு நின்றபோது தொழிற்சங்கமும் வழக்கறிஞர்களும் நடுவில் உட்கார்ந்து பேச வைத்தார்கள். 2014இல் புது அரசியல் சட்டமும் வந்தது.

அதில் 12 பேர் கொண்ட அரசியல் சாசன நீதிமன்றம் ஒன்று சொல்லப்பட்டிருந்தது. தேர்தல் முடிந்து ஓராண்டுக்குள் அமைத்திருக்க வேண்டும். நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்க வேண்டியது நாலு பேர். உன் ஆளா, என் ஆளா என்று இழுத்தடித்து, கடைசிவரை ஒரே ஒருவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. 2021 ஏப்ரலில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதியைத் தளர்த்தி மசோதா கொண்டுவந்தபோது, கெடு எப்போதோ முடிந்துவிட்டது என்று சொல்லி அதிபர் கைஸ் சயீத் கையெழுத்துப் போட மறுத்தார். இத்தனைக்கும் அவர் அரசியல் சட்டம் பாடம் நடத்தியவர்.

அதே ஆண்டு ஜூலை 25 இரவு, ஆபத்துக் காலத்தில் அதிபருக்குத் தனி அதிகாரம் தரும் அரசியல் சட்டத்தின் 80ஆம் பிரிவைக் காட்டிப் பிரதமரை நீக்கி, நாடாளுமன்றத்தையும் முடக்கினார். நள்ளிரவு தாண்டி வந்த 80 வயது சபாநாயகர் ராஷித் கன்னூஷியின் முன்னால் கேட் பூட்டிக் கிடந்தது. உள்ளே ராணுவ வண்டி. தெருவிலோ ஜனங்கள் ஹாரன் அடித்துக் கொண்டாடினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பத்து வருஷத்தில் ஆட்சிகள்தான் மாறின, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கவில்லை. கோவிட் வேறு வீடு வீடாக உயிரை வாங்கியது. சரி, அதிபர் செய்தது சட்டப்படி செல்லுமா என்று யாரிடம் போய்க் கேட்பது? கேட்க வேண்டிய நீதிமன்றம்தான் இல்லையே!

கன்னூஷி 2023 முதல் சிறையில் இருக்கிறார். 2024 அதிபர் தேர்தலில், தள்ளுபடியான மூன்று பேரின் வேட்புமனுக்களை ஏற்கச் சொன்னது, அரசு அமைப்புகளின் முடிவுகளை எதிர்த்து வரும் வழக்குகளை விசாரிக்கும் நிர்வாக நீதிமன்றம். தேர்தல் ஆணையம் கேட்கவில்லை. வாக்குப்பதிவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, தேர்தல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தையே அந்த நீதிமன்றத்திடமிருந்து புதுச் சட்டம் போட்டுப் பிடுங்கிவிட்டார்கள்.