அப்படி நேரே எழும்பாது
வியட்நாமில் ஹெலிகாப்டர் ஓட்டியவரின் போர் நினைவுகளைப் பற்றிய கட்டுரையில், ‘எவ்வளவு பாரம் ஏற்றினாலும் நின்ற இடத்திலிருந்தே நேராக எழும்பும்’ என்று வரும் வரி தப்பு. முந்தைய கருத்தில் ஒருவர் வேறு, தரையை உரசி ஓடி எழும்பினோம் என்று விமானி சொல்வதெல்லாம் கதை என்கிறார். கதை இல்லை ஐயா. வெயில் ஏற ஏற காற்றின் அடர்த்தி குறையும். எஞ்சினுக்கும் வலு இறங்கும், மேலே சுழலும் இறக்கைக்கும் பிடிப்பு இருக்காது. அந்தப் போரில் ஓடிய ஹியூ ஹெலிகாப்டரில் ஆளும் தோட்டாப் பெட்டியும் அடைத்துவிட்டால் தரையைவிட்டு நாலடி எழும்பவே திணறும். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி முன்னால் நகர்த்தி, மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகம் பிடித்தபிறகுதான், ஒரு குலுக்கலோடு தூக்கும். நான் விமானப்படையில் சீட்டா ஹெலிகாப்டர் பராமரிப்பில் இருந்தவன், இப்போது கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு. லடாக்கில் விடியற்காலை ஏற்றிய மண்ணெண்ணெய் கேன் இரண்டில் ஒன்றை, புறப்பாடு தாமதமாகி வெயில் வந்ததும் விமானி தன் கையாலேயே இறக்கிவைத்தார். பேச்சே இல்லை, கேனைக் காட்டி ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். இத்தனைக்கும் சீட்டாவின் மூலமான பிரெஞ்சு லாமா 1972-ல் 12,442 மீட்டர் ஏறிய வண்டி. தேவையில்லாததையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு ஏறியது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் தோப்பு மயில்கூட நாலு எட்டு ஓடித்தான் பறக்கிறது. கட்டுரையாளர் அந்த வரியைத் திருத்தினால் நல்லது.