பேர் போடுங்க

நேத்து ராத்திரியிலிருந்து அந்த வெற்றி விழா வீடியோவை முப்பது பேராவது எனக்கு அனுப்பிட்டீங்க. பாத்துட்டேன். இனி அனுப்பாதீங்க. எந்தப் படம், யாருன்னு தெரியாதவங்க தெரியாமலே இருந்துக்கோங்க, நான் சொல்லப் போறதில்ல.

தொகுப்பாளர் தம்பி கேக்குறார்: "அந்த ஆஸ்பத்திரி சீன்ல உங்க குரல் உடையுமே மேடம், தியேட்டரே அழுதுச்சு." மேடம் கண்ணை மூடித் திறந்து, நெஞ்சுல கை வச்சு, "அந்த சீனுக்கு அப்புறம் ரெண்டு நாள் என்னால பேசவே முடியல"ங்கறாங்க. ஒரே கைத்தட்டல்.

ரெண்டு நாள் பேச முடியாமப் போனது நெசம்தான். பேச முடியாமப் போனவ வேற, மேடத்துக்கு டப்பிங் பேசினவ. நானும் அதே தொழில்தான். எனக்கு எப்படித் தெரியும்னா, அவளுக்கு மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் பால்ல போட்டுக் கொடுத்தது நான்.

மேடையில யாருக்கெல்லாம் நன்றி சொன்னாங்கன்னு உக்காந்து எண்ணினேன். (வேலை வெட்டி இல்லாதவன்னு நினைச்சுக்கோங்க.) தயாரிப்பாளர், இயக்குநர், கேமராமேன், காஸ்ட்யூமர், மேக்கப் அண்ணா, ஹேர் டிரெஸ்ஸர் அக்கா, கேரவன் ஓட்டின அண்ணன், ஜிம் மாஸ்டர், கடைசியா வீட்டுல வளக்குற நாய்க்குட்டி. நாய்க்குட்டிய பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. பேர். சம்பளத்தைக் கூட்டுங்கன்னு இந்தப் பதிவுல கேக்கல. மேடையில நாற்காலி கேக்கல. "இந்தக் கதாபாத்திரத்துக்குக் குரல்: இன்னார்." திரையில ஒரு வரி. மூணு செகண்டு. அவ்வளவுதான்.

உடனே வருவீங்க, "அதான் காசு வாங்குறீங்களே"ன்னு. ஆமா, வாங்குறோம். கேமராமேனும் வாங்குறார். பாட்டு எழுதுறவரும் வாங்குறார். அவங்க பேரை யாராச்சும் 'அதான் காசு கொடுத்தாச்சே'ன்னு எடுத்துட்டாங்களா? படம் ஆரம்பிக்கும்போது நன்றின்னு ஒரு கார்டு வரும், பாத்திருக்கீங்களா? ஷூட்டிங்குக்கு வீடு கொடுத்தவர், பந்தோபஸ்துக்கு வந்த ஊர்க்காரங்க, இளநீர் சப்ளை பண்ணினவர். எல்லார் பேரும் இருக்கட்டும், தப்பே இல்ல. அந்த இளநீர் குடிச்ச தொண்டைக்கும் ஒரு இடம் வேணும்னு கேக்குறேன்.

"டைட்டில்ல டப்பிங் கலைஞர்கள்னு போடத்தானே செய்றாங்க"ன்னு இன்னொருத்தர் வருவார். போடுறாங்க. இப்போ முன்னைக்கு எவ்வளவோ பரவாயில்ல, சில இயக்குநர்கள் தனியாவே போடுறாங்க. அவங்க நல்லா இருக்கணும். மத்த படத்துல பத்துப் பன்னெண்டு பேரை ஒரே மூட்டையா கட்டி, கடைசியில, ஜனங்க செருப்பைத் தேடிக்கிட்டு இருக்குற நேரத்துல ஓட விடுவாங்க. யாருக்கு யார் பேசினதுன்னு கடவுளுக்கும் சவுண்ட் இன்ஜினியருக்கும்தான் தெரியும்.

எல்லாத்தையும்விட எனக்கு எரியுற வாதம் ஒண்ணு இருக்கு. "குரல் வேற ஆளுதுன்னு தெரிஞ்சா ரசிகனுக்கு மயக்கம் கலைஞ்சிடும்."

அப்படியா? 1938-ல ஏவி.எம். மெய்யப்பச் செட்டியார் 'நந்தகுமார்' எடுத்தப்பவே நடிக்கிறவருக்குப் பதிலா வேற ஒருத்தரைப் பாட வச்சுட்டாங்க. அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஹீரோ வாயசைக்கிறார், பாடுறது வேற ஆளுன்னு பச்சப்புள்ளைக்கும் தெரியும். எவனுக்கு மயக்கம் கலைஞ்சது? பாடுறவங்க பேரையும் மறைக்கத்தான் பாத்தாங்க. 1949-ல 'மஹால்'னு ஒரு இந்திப் படம். அதுல லதா மங்கேஷ்கர் பாடின பாட்டு இசைத்தட்டுல பாடியவர் 'காமினி'ன்னு போட்டாங்க. காமினிங்கறது படத்துல மதுபாலா கதாபாத்திரத்தோட பேர்! கேட்ட ஜனம் யாரு இதுன்னு ரேடியோவுக்கு எழுதிக் கேட்டுக் கேட்டுத்தான் பேர் வெளிய வந்துச்சு. பாட்டுக்குக் குரல் கொடுத்தா பத்மஸ்ரீ, பேச்சுக்குக் குரல் கொடுத்தா ரகசியம். 1944-லயே ஒரு கன்னடப் படத்தை 'ஹரிச்சந்திரா'ன்னு தமிழ் பேச வச்ச ஊரு இது. எண்பது வருஷமா ஒரு ரகசியத்தைக் காப்பாத்திக்கிட்டு இருக்கோம்.

'மணிச்சித்திரத்தாழ்' கதை தெரியும்ல? மலையாளப் படம், 1993. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். நாகவல்லியா மாறித் தமிழ் பேசுவாங்களே, அந்தக் குரல் துர்கா அம்மாவோடது. நம்ம ஊர் டப்பிங் கலைஞர். மாறுறதுக்கு முன்னாடி ஷோபனா கங்கா, அந்தக் கங்காவுக்குப் பேசின பாக்யலட்சுமி அம்மாதான் நாகவல்லிக்கும் பேசினாங்கன்னு கேரளம் முழுக்க நம்பிக்கிட்டு இருந்துச்சு. 2016-ல இயக்குநர் ஃபாசில் எழுதின பிறகுதான் உண்மை வெளிய வந்துச்சு. இருபத்து மூணு வருஷம்! ஒரு பிள்ளை பொறந்து, படிச்சு, வேலைக்கே போயிடும். அத்தனை வருஷமும் டிவியில அந்தப் படம் போடும்போதெல்லாம் தன் குரலைத் தானே கேட்டுக்கிட்டு அந்தம்மா எப்படி இருந்திருப்பாங்கன்னு நான் நினைச்சுப் பாக்குறதுண்டு.

ஒரு மூலையில நாலு எழுத்து போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். பேர்.

"நீ பேசத்தானே செஞ்ச, நடிச்சது அவங்கதானே." சரி, வாங்க, ஒரு நாள் கூட வந்து நில்லுங்க. ஏசி குளிர்ல, இருட்டுல, மைக் முன்னாடி. பள்ளிக்கூடத்துல உதடு ஒட்டாத குறள்னு ஒண்ணு படிச்சோமே, "யாதனின் யாதனின்", நினைவிருக்கா? எங்க பொழைப்பே அந்தக் கணக்குதான். திரையில உதடு ஒட்டுனா எனக்கு ப-வோ ம-வோ வேணும். ஒட்டலைன்னா அந்த எழுத்தே ஆகாது. தமிழ் தெரியாத பொண்ணு வேற ஏதோ வார்த்தையில வாயசைச்சிருக்கும். ஒரு படத்துல ஒரு பொண்ணு அழுதுக்கிட்டே ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டு இருந்துச்சு, நெசமா. அந்த எண்ணிக்கைக்குள்ள நான் ஒரு தாயோட ஒப்பாரிய ஏத்தணும். லிப் உக்காரணும், மூச்சு உக்காரணும், அழுகையும் உக்காரணும். பதினாலு டேக். பதினஞ்சாவதுக்கு "முதல் டேக்கே ஓகே மேடம்"னு சொல்லுவாங்க. அது தனிக் கதை.

"சொந்தக் குரல்ல பேசுற நடிகைகளத்தானே ஊக்குவிக்கணும்?" கண்டிப்பா. நான் எதிரியா? எங்க வேலை குறைஞ்சாலும் பரவாயில்ல, தமிழ் பேசத் தெரிஞ்ச பொண்ணு தமிழ்ப் படத்துல நடிச்சு அதுவே பேசட்டும், நான் முதல் வரிசையில உக்காந்து கை தட்டுறேன். ஆனா பேசாததைப் பேசினேன்னு சொல்லாதீங்க. டப்பிங்னா நடிக்கத் தெரியாதவங்க வேலைன்னு ஒரு இளக்காரம் இருக்குல்ல, அவங்களுக்கு: 'அமராவதி'யில அஜித்துக்குக் குரல் விக்ரம். 'காதலன்'ல பிரபுதேவாவுக்கும் விக்ரம்தான். 'பம்பாய்'ல மனிஷா கொய்ராலாவுக்கு ரோகிணி. இவங்க நடிக்கத் தெரியாதவங்களா?

விருதுன்னு எடுத்தா, கேரளத்துலயும் இங்கயும் மாநில அரசு விருதுல குரல் கலைஞர்களுக்கு இடம் இருக்கு. தேசிய விருதுல எங்களுக்குன்னு தனிப் பிரிவே கிடையாது. விடுங்க, விருதுக்கு நான் அழல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு போன வருஷம் ஒரு வக்கீல் நண்பர்கிட்ட கேட்டேன். 2012-ல பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினப்போ, நிகழ்த்துக் கலைஞர் தன்னை இன்னார்னு அடையாளப்படுத்தச் சொல்லிக் கேக்கலாம்னு 38பி-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்களாம். சந்தோஷப்பட்டேன். அடுத்து ஒரு கொக்கி சொன்னார் பாருங்க. சினிமாவுல ஒருத்தர் போற போக்குல வந்து போற மாதிரி பங்களிச்சிருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேரை எங்கயும் போடுறதில்லைன்னா, அவர் நிகழ்த்துக் கலைஞர் கணக்குலயே வர மாட்டாராம். செஞ்சதைச் சிதைச்சா தடுக்குற உரிமை மட்டும் மிஞ்சும். முழுப் படம் பேசினவங்களுக்கு இது பொருந்தாதுன்னு வாதாடலாம்ங்கறார். சரி, வாதாடலாம். கலவர சீன்ல கூட்டத்தோட நின்னு தொண்டை கிழிய "ஐயோ, அடிக்கிறாங்க"ன்னு கத்துறோமே, அந்த எட்டுப் பேர்? பேர் போடாததால கலைஞர் இல்ல. கலைஞர் இல்லாததால பேர் போட வேண்டியதில்ல. என்னே ஒரு நேர்த்தி!

இது என் சொந்தக் கோபம் இல்லைன்னு ஆரம்பத்துலயே எழுத நினைச்சேன். எழுதாம விட்டது நல்லதாப் போச்சு.

2007. முதல் தடவையா ஒரு ஹீரோயினுக்கு முழுப் படமும் பேசியிருந்தேன். அம்பாசமுத்திரத்துல படம் வந்ததும் அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அத்தை எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போனேன். டிக்கெட், முறுக்கு, கலர் எல்லாம் என் செலவு. அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பா. படம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சப்போ, "இரு, எம் மவ பேரு வரும்"னு அத்தை கையப் பிடிச்சு உக்கார வச்சா. லைட்டைப் போட்டுட்டாங்க. வெளிச்சத்துல எழுத்து மங்கலா ஓடுது. பெருக்குறவர் வந்து நிக்கிறார். கண்ணைச் சுருக்கிக் கடைசி வரி வரைக்கும் பாத்துட்டு அம்மா கேட்டா: "ஏட்டி, ஒம் பேரு எங்க?"

பேரே இல்ல. லிஸ்ட் அனுப்ப மறந்துட்டாங்களாம், அப்புறம் விசாரிச்சப்போ சொன்னாங்க. அத்தை வெளிய வந்ததும், "பேரக் காணுமே, இவதான் பேசுனாளா?"ன்னு சித்தி காதுல கேட்டது எனக்கும் கேட்டுச்சு. அம்மாவுக்கும் கேட்டுச்சு. பஸ்ல ஏறுற வரைக்கும் ஒண்ணும் சொல்லல. ஏறி உக்காந்துட்டு அத்தை பக்கம் திரும்பி, "எம் மவ அழுகை எனக்குத் தெரியாதாக்கும்"ன்னா.

அம்மா போய்ச் சேந்து வருஷமாச்சு. என் பேரை அவ திரையில பாத்தது மொத்தம் ரெண்டு தடவை. ரெண்டுமே அந்த மூட்டைக்குள்ளதான்.

அந்த நடிகை மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல. சின்னப் பொண்ணு, மேடையில என்ன பேசணும்னு பக்கத்துல யாராவது எழுதிக் கொடுத்திருப்பாங்க. நடிப்பும் பிரமாதம், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. கோபமே இல்ல. சரி, இருக்கு. "ரெண்டு நாள் பேச முடியல"ங்கற அந்த வரி மேல இருக்கு. பேரைத் தர மறந்தது ஒரு தப்பு, வலியையும் சேத்து எடுத்துக்கிட்டது இன்னொண்ணு.

2024-ல ரஹ்மான் ஒரு பாட்டுல, இறந்துபோன பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் ஏஐ வச்சுக் கொண்டு வந்தார். குடும்பத்துல அனுமதி வாங்கி, பணம் கொடுத்து, அதை அவரே வெளிப்படையாச் சொன்னார். அந்த முறை சரி. நான் யோசிச்சது வேற. செத்த பிறகும் அவங்க பேரோட பாடுறாங்க. உயிரோட இருக்குற நாங்க பேரில்லாமப் பேசுறோம். போன மாசம் ஒரு இடத்துல நீட்டின பேப்பர்ல என் குரலை "எந்த வடிவத்திலும், எக்காலத்துக்கும்" பயன்படுத்தலாம்னு ஒரு வரி இருந்துச்சு. நாளைக்கு மெஷின் என் குரல்ல அழும். பதினாலு டேக் கேக்காது, பால் கேக்காது, பேரும் கேக்காது. அன்னிக்கு அது யாரு குரல்னு நிரூபிக்க என்கிட்ட என்ன இருக்கு? டைட்டில் கார்டா?

"பாதிக்கப்பட்டவளே பேசல, நீ ஏன் குதிக்கிற?" இதுக்கு என்கிட்டப் பதில் இல்ல. அவ காலையில போன் பண்ணினா. "அக்கா, தயவுசெஞ்சு எதுவும் எழுதாதீங்க. அடுத்த படத்துக்கும் என்னையத்தான் கூப்பிட்டிருக்காங்க." சரிடான்னுதான் சொன்னேன். அதனாலதான் அவ பேர் இந்தப் பதிவுல எங்கயும் இல்ல. சிரிக்காதீங்க, எழுதி முடிக்கும்போதுதான் எனக்கே உறைச்சது.

கமெண்ட்ல சண்டை போடுறவங்க போடுங்க, நான் வரல. நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு டப்பிங். பிரசவ சீனாம். தொண்டையைப் பாத்துக்கணும்.