கிணற்று மோட்டருக்கு ஸ்மார்ட் பிளக் மட்டும் போதாது
"16 அம்பியர் ஸ்மார்ட் பிளக் வாங்கினால் ஒரு குதிரைவலு கிணற்று மோட்டரைப் போனிலேயே போட்டு நிற்பாட்டலாம்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த 16 அம்பியர் கேத்தில், அயன் போன்றவற்றுக்கான கணக்கு. மோட்டர் ஓடும்போது ஐந்தாறு அம்பியர்தான் எடுக்கும், சரி. தொடங்கும் கணத்தில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். பிளக்குக்கு உள்ளேயிருக்கும் சின்ன ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) முனைகள் கருகி ஒட்டிக்கொண்டால், போனில் 'ஓஃப்' என்று காட்டும், மோட்டரோ ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்மார்ட் சுவிட்சால் ஒரு கொன்டாக்டரை (மோட்டர் போன்றவற்றைத் தாங்கும் பெரிய ரிலேயை) இயக்கி, மோட்டரை அதிலே கொடுக்க வேண்டும். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டே செய்யுங்கள்.

மற்றது, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் கோடையில் தண்ணீர் இறங்கிவிடும். கவனிக்க ஆளில்லாமல் ஓடினால் பம்ப் வறண்டு பழுதாகும்; அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீரும் மேலேறும். கிணற்றுக்குள், தண்ணீர் இறங்கினால் மோட்டரைத் தானாக நிற்பாட்டும் ஒரு மிதவை சுவிட்சும் கட்டாயம் போடுங்கள்.