விற்கும்வரை சார், விற்ற பிறகு யார்?

பதினோரு நாள் முன்னால், ராத்திரி இரண்டு மணி. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு வங்காளப் பெரியவர் படியிறங்கி வந்து ரிசப்ஷனில் நிற்கிறார். மனைவிக்கு மூச்சு வாங்குகிறதாம், உடனே ஆட்டோ வேண்டும். "போன் பண்ணியிருக்கலாமே தாதா" என்று அரைகுறை இந்தியில் கேட்டேன். ரிசப்ஷனைக் கூப்பிட அறை போனில் பத்துத் தடவை ஒன்பதை அழுத்தினாராம், சத்தமே இல்லையாம். அவர்களை அனுப்பிவிட்டு மேலே போய் ரிசீவரைக் காதில் வைத்தேன். டயல் டோன் இல்லை. கிணற்றுக்குள் காது வைத்த மாதிரி இருந்தது.

வேலூரில் காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் நடத்துகிறவனுக்கு இன்டர்காம் ஆடம்பரம் இல்லை. "எல்லார் கையிலும்தான் செல் இருக்கே" என்பவர்கள் ஒருநாள் வந்து என் கவுன்ட்டரில் உட்காருங்கள். வைத்தியத்துக்காக பங்களாதேஷிலிருந்து வந்து இறங்குகிறவர் கையில் அன்றைக்கே உள்ளூர் சிம் இருக்காது.

32 அறை, அப்புறம் கேன்டீன், வாட்ச்மேன் எல்லாம் சேர்த்து 40 எக்ஸ்டென்ஷன், அதாவது 40 போன் இணைப்பு, போதும் என்று கணக்குப் போட்டு மூன்று கொட்டேஷன் வாங்கினேன். வாங்கி என்ன செய்தேன்? கடைசி வரியில் இருந்த தொகையை மட்டும் பார்த்தேன். பெண் கொடுக்க நாலு தெரு விசாரிக்கிற மனுஷன் நான்! குறைந்த ரேட் என்று நான் பிடித்த சென்னை டீலர், இடத்தை வந்து பார்க்காமலே, அறை எத்தனை என்று வாட்ஸ்அப்பில் கேட்டு ரேட் அனுப்பினார். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். பழைய கஸ்டமர் மூன்று பேர் நம்பரும் கொடுத்தார். சோம்பேறித்தனமாக ஒருவரிடம் மட்டும் பேசினேன். அவர் புகழ்ந்து தள்ளினார். டீலரின் மச்சான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்தப் பெரியவர் இறங்கி வந்த ராத்திரிக்கு முந்தின சாயங்காலம் அடித்த கோடை மழையில், இடியோடு இன்டர்காம் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் பலகைகளில் ஒன்று, கார்டு என்பார்கள், போய்விட்டது. ஒரு கார்டு என்றால் எட்டு எக்ஸ்டென்ஷன். மூன்றாவது மாடி மொத்தமும் ஊமை. டீலருக்குப் போன் போட்டால், "இடி விழுந்தா வாரண்டி கிடையாது சார், உங்க எர்த்திங் சரியில்ல" என்கிறார். ஐயா, அந்த எர்த்திங்கை மாட்டுகிறபோது அளந்து பார்த்தீர்களா? வெளியிலிருந்து வரும் லைனில் மின்னல் தடுப்பு ஏதாவது போட்டீர்களா? கொட்டேஷனைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு வரியே இல்லை. ரேட் ஏன் குறைந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தவர், "கார்டு மாத்தலாம்ணா. ஆனா ப்ரோகிராம் பண்ண பாஸ்வேர்டு அவங்ககிட்டதான் இருக்கு. இந்த மாடலையே கம்பெனி நிறுத்திடுச்சு, ரிச்சி தெருவுல பழசு கிடைச்சாதான் உண்டு" என்றார். என் காசு, என் பெட்டி, சாவி மட்டும் டீலர் பாக்கெட்டில்!

ஏ.எம்.சி., அதான் வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம், இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. லேபர் மட்டும்தானாம். பார்ட்ஸ் தனி, வண்டிச் செலவு தனி, 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. எல்லாவற்றுக்கும் சரி என்று சொன்ன பிறகும், "வந்துகினே இருக்கேன் சார்" என்று டீலரின் சர்வீஸ் ஆள் பதினோரு நாளாக வந்துகினே இருக்கிறார். எங்கள் ஊரைச் சொல்லிக் கேலி பேசுவார்கள்: தண்ணியில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் சாமியே திரும்பி வந்துவிட்டார். பாலாற்றில்கூட 2021-ல் வெள்ளம் வந்தது. சர்வீஸ் ஆள் மட்டும் வரவில்லை.

இப்போது புதிதாக கொட்டேஷன் தர வருகிறவர்களிடம் நான் விலையைக் கேட்பதே இல்லை. ஐந்து வருஷம் முன்னால் நீ போட்ட இடம் ஒன்றைக் காட்டு, நானே போய்ப் பேசிக்கொள்கிறேன் என்கிறேன். பாஸ்வேர்டை எழுதிக் கையில் தருவாயா என்றும் கேட்கிறேன். போன வாரம் வந்தவர் "அது கம்பெனி பாலிசி சார்" என்றார். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது மாடியில் ஒவ்வொரு போன் மேலும் என் செல் நம்பர் எழுதிய துண்டுச் சீட்டை செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறோம். அந்தப் பெரியவரின் பேரன்தான் வங்காள மொழியில் எழுதிக் கொடுத்தான். இன்று காலை அதே செல்லுக்கு டீலரிடமிருந்து ஒரு மெசேஜ்: "குட் மார்னிங் சார், ஏ.எம்.சி. ரினிவல் டைம் வந்துடுச்சு."